முடிவில்லாத கதையில் தீர்ப்பு எப்போது?

அமெரிக்கப் பகல் சீரியல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சோப்புக் கம்பெனியில் தொடங்குவது வழக்கம். வீட்டிலிருக்கும் பெண்களிடம் சோப்பு விற்பதற்காக பிராக்டர் அண்ட் கேம்பிள், கோல்கேட் போன்ற நிறுவனங்கள் வானொலி நாடகங்களுக்குப் பணம் போட்டன. ‘சோப் ஆபரா’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அது உண்மைதான். ஆனால் என் மனசில் இந்த வரலாறு உயிரில்லாமல் பிறந்த ஒரு குழந்தையிடமிருந்து தொடங்குகிறது.

இர்னா ஃபிலிப்ஸ் 1901ல் சிகாகோவில் ஒரு யூதக் குடும்பத்தின் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். 19 வயதில் கர்ப்பமானார். காரணமானவன் கைவிட்டுப் போனான். குழந்தை இறந்தே பிறந்தது. அந்தத் துக்கத்தில் அவருக்கு ஆறுதலாக இருந்தவை பிரெஸ்டன் பிராட்லி என்ற சிகாகோ போதகரின் வானொலிப் பிரசங்கங்கள். பிறகு ஆசிரியை வேலை பார்த்தார், வானொலிக்கு வந்தார், 1930லேயே ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’ என்ற தொடரை எழுதினார். 1937 ஜனவரி 25 அன்று அவருடைய ‘தி கைடிங் லைட்’ என்.பி.சி. வானொலியில் ஆரம்பமானது. கதையின் நடுவில் இருந்தவர் ஜான் ரத்லெட்ஜ் என்ற போதகர். தன் அறை ஜன்னலில் எப்போதும் ஒரு விளக்கை எரியவிட்டிருப்பார். கஷ்டத்தில் இருப்பவர் யாரும் அதைப் பார்த்து உள்ளே வரலாம். சில நாள்களில் 15 நிமிட நாடகம் முழுவதுமே அவருடைய பிரசங்கமாக இருந்தது. பாவம் செய்தவர்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். மறுநாளும் அதே ஊரில் அவர்கள் வாழ வேண்டியிருந்தது. கதை தொடர்ந்தது.

மறுநாளும் அதே ஊரில் வாழ வேண்டியிருந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஓர் உபதேசியாருடைய மகள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அழுகைச் சத்தம் கேட்கும், அப்பா ஜெபிப்பது கேட்கும், அம்மா கருப்பட்டிக் காப்பி போடுவாள். பெரிய தப்பு என்றால் சபைக் குருவான ஐயர் வந்து விசாரித்து அந்த ஆளைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பார். சில மாதம் கழித்து, மனந்திரும்பினான் என்று சபை முன்னால் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். விலக்கியதும் சேர்த்ததும் பதிவேட்டில் இருக்கும். சேர்த்தது ஒரு பெண்ணை என்றால், அதன்பிறகு அவள் எந்தப் பாயில் உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தார்கள், அவளுடைய மகளுக்கு வரன் கேட்டு யாராவது வந்தார்களா, இதையெல்லாம் எந்தப் பதிவேடும் எழுதவில்லை. மன்னிப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பிரசங்கத்தில் கேட்ட நினைவும் எனக்கு இல்லை. கெட்ட குமாரன் உவமை விருந்தோடு நின்றுவிடுகிறது. விருந்துக்கு அடுத்த நாள் காலையில் அண்ணனும் தம்பியும் ஒரே வயலுக்குப் போனார்களா என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “அது எழுதியில்லை, பிள்ளே” என்றார்.

வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, எழுபதுகளின் கடைசியில் சிகாகோவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியிலும், பிறகு நீண்டகாலம் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை. மதியம் ஆனால் எல்லா அறைகளிலும் சீரியல். படுக்கையில் கிடந்த அம்மாக்கள் அதை ‘என் கதை’ என்பார்கள். “சிஸ்டர், என் கதை முடியட்டும், அப்புறம் ஊசி போடு.” நான் காத்திருப்பேன். அங்கேதான் விருந்துக்கு மறுநாள் காலையை முதன்முதலாகப் பார்த்தேன்.

அரிஸ்டாட்டில் நாடகத்துக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் வேண்டும் என்றார். நம் வேதாகமமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: படைப்பில் தொடங்கி, நியாயத்தீர்ப்பில் முடிகிறது. காலம் சக்கரமாகச் சுழல்கிறது என்று சொன்னவர்களை அகஸ்தீன் கடுமையாக மறுத்தார். காலத்துக்கு ஒரு முடிவு உண்டு. அங்கேதான் யார் செம்மறி, யார் வெள்ளாடு என்பது தெரியும். பகல் சீரியலுக்கோ நடு மட்டும்தான் உண்டு. ‘கைடிங் லைட்’ 1952 ஜூன் 30 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 வரை ஓடியது. வானொலியையும் சேர்த்தால் 72 ஆண்டு. அவ்வளவு நீண்ட நடுவில் கடைசித் தீர்ப்பு வருவதே இல்லை. போன வருஷத்து வில்லி இந்த வருஷம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். ஒழுக்கம் கெட்ட கதைகள் என்று போதகர்கள் பலர் இவற்றைத் திட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். பாவத்தின் சம்பளம் இங்கே மரணமாக இல்லை, அடுத்த அத்தியாயமாக இருந்தது.

தீர்ப்பு இல்லாத இடத்தில் நீதி இருக்க முடியுமா? என் கேள்வி அதுதான். இருக்க முடியும் என்று நம்புகிறேன், ஒரு நிபந்தனையோடு. அதற்கு நான் சாட்சியாக அழைக்கக்கூடியவை சில காட்சிகள்தான்.

1963 நவம்பர் 22. இர்னா ஃபிலிப்ஸ் 1956ல் தொடங்கிய ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான்சி ஹியூஸ் என்ற தாய் தன் மாமனாரிடம் பேசுகிறாள். மகன் பாப், தன்னை விட்டுப் பிரிந்த மனைவி லிசாவை நன்றி தெரிவித்தல் நாள் விருந்துக்கு அழைத்துவிட்டான். அவளை அந்த மேசையில் உட்கார வைக்கலாமா? அந்தப் பேச்சின் நடுவேதான் செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டின் குரல் குறுக்கிட்டது: டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார். ஸ்டூடியோவில் இருந்த நடிகர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் நடித்துக்கொண்டே இருந்தார்கள். சரித்திரப் புத்தகங்கள் இதைக் கென்னடிக்காக மட்டும் எழுதும். நான் அந்த மேசையை விட மனசில்லாமல் நிற்கிறேன். குடும்பத்தைக் காயப்படுத்திய ஒருத்தியை விருந்துக்கு அழைக்கலாமா என்பது சுவிசேஷத்தின் கேள்வி. அதை அமெரிக்கா ஒரு சமையலறையில் வைத்து, வேலை நாள் மதியங்களில் அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

இர்னாவிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்சன் கத்தோலிக்கப் பெண். அவருடைய தோழி ஒருத்தி கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்துபோனாள். 1962ல் ‘கைடிங் லைட்’டில் பெர்ட் பவர் என்ற பாத்திரத்துக்கு அந்த நோயை எழுதினார். சோப்புக் கம்பெனியும் தொலைக்காட்சியும் போட்ட நிபந்தனையைக் கேட்டால் ஒரு நர்ஸுக்கு ரத்தம் கொதிக்கும்: ‘புற்றுநோய்’, ‘கருப்பை’ என்ற வார்த்தைகளே வரக்கூடாது. அந்த வார்த்தைகள் இல்லாமலேயே பாப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, அது உயிரைக் காக்கும் என்று நிக்சன் கதையாகச் சொல்லி முடித்தார். பரிசோதனைக்குப் போனோம் என்று பெண்கள் கடிதம் எழுதினார்கள். இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் நேரம். பெர்ட் பவரை அவர்கள் பல வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தெரிந்தவளுக்கு வந்த நோய் தனக்கும் வரும் என்று ஒரு பெண் நம்புவாள்.

பெர்ட்டாக நடித்த சரிட்டா பவருக்குப் பிற்காலத்தில் நிஜமாகவே ஒரு கால் எடுக்கப்பட்டது. அதைக் கதையிலும் சேர்த்தார்கள். ஒரு கால் இழந்த முதியவள் ஒருத்தி மறுபடி நடக்கப் பழகுவதை, அதே நிலையில் கட்டிலில் கிடந்தவர்கள் பார்த்தார்கள். நான் ஆயிரம் வார்த்தை சொல்லித் தைரியப்படுத்தியிருக்க முடியாது.

இதுவரை கருணையின் பக்கம். மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ 1963 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. 1979ல் அதில் லூக் என்பவன் லாராவை ஒரு டிஸ்கோவில் பலாத்காரம் செய்தான். லாராவாக நடித்த ஜீனி ஃபிரான்சிஸுக்கு அப்போது 17 வயது. ஆனால் லூக்காக நடித்த ஆன்டனி கீரி ரசிகர்களுக்குப் பிடித்துப்போனார். அதனால் நடந்ததை ‘மயக்கம்’ என்று பெயர் மாற்றிப் பேசத் தொடங்கினார்கள். இருவரும் காதலர் ஆனார்கள். 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் நடந்த அவர்கள் கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். எலிசபெத் டெய்லர்கூட வந்து நடித்தார். அமெரிக்கப் பகல் சீரியல் வரலாற்றில் அவ்வளவு பேர் பார்த்த காட்சி வேறில்லை.

அது மன்னிப்பு ஆகாது. மன்னிப்புக்கு முதலில் குற்றம் வேண்டும். குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் மன்னிக்க என்ன இருக்கிறது?

நான் பார்த்துக்கொண்ட ஓர் அம்மா, மிசிசிப்பியில் பிறந்து பருத்திக்காட்டிலிருந்து சிறுமியாகச் சிகாகோவுக்கு வந்தவர், அந்தக் கல்யாணத்தைப் பார்த்ததே இல்லை என்றார். எல்லாரும் பார்த்த அந்த இரண்டு நாளும் பெட்டியை அணைத்து வைத்தாராம். “அந்தப் பிள்ளை தரையில் கிடந்து அழுததை நான் பார்த்தேன். அவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை” என்றார். அவர் தினமும் வேதம் வாசிக்கிறவர். யாரையும் லேசில் தீர்ப்பிடமாட்டார். ஆனாலும் அந்தக் கணக்கை அவர் மூடவில்லை.

அவரோடு ஒருநாள் இரண்டாம் சாமுவேலில் தாமாருடைய கதையைப் பேசினேன். தாவீதின் மகள், அண்ணன் முறையான அம்னோன் அவளைப் பலவந்தம் செய்தான். அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். அதன்பின் அவள் சகோதரன் வீட்டில் பாழாய்ப்போனவளாக இருந்தாள். தாவீது கோபப்பட்டான், ஒன்றும் செய்யவில்லை. அப்சலோம் பழிவாங்கினான், கலகம் செய்தான், மரத்தில் தொங்கிச் செத்தான். கதை ஆண்களோடு போய்விட்டது. தாமாரிடம் அது திரும்பி வரவே இல்லை. அவள் எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தாள், யாராவது ஒருநாள் அவள் எதிரில் உட்கார்ந்து ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டார்களா? அப்பா சொன்னதுதான் இதற்கும் பதில்: எழுதியில்லை.

லாராவிடம் கதை திரும்பி வந்தது. 1998ல், லூக் லாரா இருவருடைய மகன் லக்கி வளர்ந்த பையனாகிவிட்டான். தன் பெற்றோர் கதையின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவருகிறது. 19 வருஷத்துக்கு முன் அந்தச் சீரியலே புதைத்ததை அந்தச் சீரியலே தோண்டி எடுத்தது. ‘மயக்கம்’ என்ற வார்த்தை போய்விட்டது. லூக் அதன் உண்மையான பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. லாரா அத்தனை காலம் அதைச் சுமந்தது பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதே நடிகர்கள், முகத்தில் அந்த 19 வருஷமும் ஏறியிருந்தது. அந்த நாள்களில் நம் மிசிசிப்பி அம்மா பெட்டியை அணைக்கவில்லை. முழுவதும் பார்த்துவிட்டு, “இப்போது பேசலாம்” என்றார்.

இரண்டு மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது. நாவல் ‘பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன’ என்று எழுதும். அந்த ஆண்டுகளை வாசகர் வாழ்ந்திருக்கமாட்டார். சீரியலில் தப்பு செய்தவனுக்கும் பட்டவளுக்கும் பார்த்தவளுக்கும் ஒன்றாக வயதாகிறது. அதற்காக 1998 எல்லாவற்றையும் நேராக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஜீனி ஃபிரான்சிஸே தன் அறுபது வயதையொட்டி, அந்தக் கதையை இத்தனை காலம் நியாயப்படுத்தியது போதும், அது செய்திருக்கவே கூடாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் அதைச் சொல்ல நாற்பது வருஷம் ஆனது. நிஜ வாழ்க்கையில் பெண்களுக்கு அவ்வளவு காலம் ஆவதை என் கட்டிலோர வேலையில் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்ன நிபந்தனை இதுதான்: கடைசித் தீர்ப்பு இல்லாத கதைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். தீர்ப்பு வராமல் இருப்பது கருணை. நடந்தது அழிந்துபோவது கருணை ஆகாது. மனந்திரும்புகிறவனுக்குத் தான் எதிலிருந்து திரும்பினோம் என்று தெரிய வேண்டும்.

இதை மீறியதற்கு என்னை மிகவும் வருத்திய உதாரணம் ‘ஆல் மை சில்ட்ரன்’. ஆக்னஸ் நிக்சன் 1970ல் தொடங்கியது. 1973ல் அதில் எரிக்கா கேன் கருக்கலைப்பு செய்துகொண்டாள். அந்த வருஷம்தான் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்திருந்தது. எரிக்காவாக நடித்த சூசன் லூச்சி 18 முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டுத் தோற்று, 19ஆம் முறை 1999ல் வென்றவர்; அந்தப் பாத்திரத்தை அவ்வளவு மெய்யாக்கியிருந்தார். 2005-06ல் வந்த எழுத்தாளர்கள், அன்று கரு கலையவே இல்லை, டாக்டர் அதை எடுத்துத் தன் மனைவியின் கருப்பையில் வைத்துவிட்டார், அந்தப் பிள்ளை வளர்ந்து வந்துவிட்டான் என்று எழுதினார்கள். மருத்துவப்படி அது நடக்காத காரியம் என்பதை விடுங்கள். கருக்கலைப்பைப் பற்றி என் சபை எனக்குச் சொல்லித் தந்தது ஒன்று, பிரசவ வார்டில் நான் கண்டது வேறு. இரண்டையும் சுமந்துகொண்டுதான் பேசுகிறேன். எரிக்கா செய்தது சரி என்று நினைப்பவர் உண்டு, பாவம் என்று நினைப்பவர் உண்டு. இரண்டு பேருக்கும் தேவையானது ஒன்றே: அவள் அதைச் செய்தாள் என்பது. 33 வருஷம் அவள் சுமந்த ஒரு முடிவை அவளிடமிருந்து பறித்துவிட்டார்கள். செய்ததைப் பறிகொடுத்தவளுக்கு நியாயமும் இல்லை, இரக்கமும் இல்லை.

செத்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சவப்பெட்டியில் வைத்தவர் இரண்டு வருஷத்தில் கதவைத் தட்டுவார். ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரில் மார்லினா என்ற மருத்துவருக்குப் பிசாசு பிடித்து, அதை ஓட்டும் காட்சிகூட 1995ல் வந்தது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. செத்தவர்கள் அப்படித் திரும்பி வருவது பெரிய வெள்ளி இல்லாத ஈஸ்டர். என்னை அசைத்தவை நிஜச் சாவுகள். 1956 ஏப்ரல் 2 அன்று ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரின் முதல் வசனத்தைப் பேசிய ஹெலன் வாக்னர், இடையிடையே விலகியிருந்தாலும், 2010 வரை அதே நான்சியாக இருந்தார். அந்த மே மாதம் 91 வயதில் காலமானார். செப்டம்பர் 17 அன்று தொடரும் நின்றது. அவருடைய நான்சியைத் திரும்ப அழைத்து வர எந்த எழுத்தாளராலும் முடியவில்லை. ‘யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ தொடரில் கேத்தரினாக 1973 முதல் நடித்த ஜீன் கூப்பர் 2013ல் இறந்தபோதும் அப்படித்தான். முடிவில்லாத கதைக்குள் மனித உடம்பு தன் முடிவைக் கொண்டுவந்து வைத்தது.

பிறகு தொடர்களே ஒவ்வொன்றாகச் செத்தன. பெண்கள் வேலைக்குப் போனார்கள், 1995ல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் நேரலை மாதக்கணக்கில் பகல் நேரத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு நிகழ்ச்சிகள் மலிவாகக் கிடைத்தன. ‘ஆல் மை சில்ட்ரன்’ 2011ல் நின்றது. இதை ஒரு வியாபாரச் செய்தியாகப் படித்தவர்கள், அறைகளில் நாங்கள் பார்த்ததைப் பார்க்கவில்லை. எழுத்தாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், தயாரிப்பாளர்கள் மாறினார்கள், சில சமயம் ஒரே பாத்திரத்துக்கு நான்கு நடிகர்கள் வந்து போனார்கள். மாறாமல் இருந்தவர்கள் பார்த்தவர்கள்தான். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கு கட்டிலில் கிடந்த அந்த அம்மாக்களிடம்தான் இருந்தது. எழுதியவரே மறந்த பாவத்தை அவர்கள் வைத்திருந்தார்கள். எழுதியவரே மறந்த நன்மையையும். நியாயத்தீர்ப்பு நாளில் புத்தகங்கள் திறக்கப்படும் என்று படித்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை வைத்திருப்பது தண்டிக்கத்தான் என்று சின்ன வயதில் பயந்தேன். இப்போது தாமாரை நினைத்து, அது மறக்காமலிருக்கத்தான் என்று நம்புகிறேன்.

2025 பிப்ரவரி 24 அன்று சி.பி.எஸ்.ஸில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்ற புதிய பகல் சீரியல் தொடங்கியது. மேரிலாந்தில் வாழும் வசதியான கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதை. அதன் தயாரிப்பில் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கும் மறுபடி பங்கு உண்டு. அதை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பாத்திரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னியுங்கள். முதல் வருஷத்தில் நீங்கள் எழுதியதை இருபதாவது வருஷத்தில் அழிக்காதீர்கள். அதை நினைவில் வைத்திருக்கும் பெண் ஏதோ ஓர் அறையில் பார்த்துக்கொண்டிருப்பாள்.